பத்து ரூபாய்க்கு ஒரு பூட்டு

விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்தில் ஒருவர் நூறு ரூபாய் வீட்டு வரி கட்டினால், கூடவே பத்து ரூபாய் நூலக வரியும் கட்டுகிறார். எழுத்துக்கூட்டத் தெரியாத ஆச்சியும் கட்டுகிறாள். தீப்பெட்டி ஆபீசில் கூலிக்குப் போகிறவளும் கட்டுகிறாள். மானாவாரியில் உளுந்தைப் போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறவரும் கட்டுகிறார். பஞ்சாயத்து ஆபீஸ் வாங்கி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டிய காசு அது. பருவமழை பொய்த்தாலும் இந்த வரி பொய்ப்பதில்லை.

சட்டம் ஒன்றும் சாமானியமானதல்ல. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான், ஆண்டு 1948. அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். அந்தப் புத்தியை எதிர்த்து, 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியவர் அவர். சங்கிலியை நாம் ஒழித்துவிட்டோம். கட்டடத்துக்கே பூட்டுப் போட்டாயிற்று, புத்தகத்துக்குத் தனியாகச் சங்கிலி எதற்கு?

2006இல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. 12,618 ஊராட்சிகள், ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய். படிக்க நூலகம், விளையாட மைதானம், குளிக்கக் குளம், போய்ச் சேரச் சுடுகாடு என்று மனுஷ ஜென்மத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே மதிப்பீட்டில். 2011இல் ஆட்சி மாறியது. திட்டத்தின் பெயரும் தாய் என்று மாறியது. 2021இல் ஆட்சி திரும்பவும் மாற, அண்ணா மறுமலர்ச்சி இரண்டாம் பாகமாக வந்தது. சினிமாவுக்கு இரண்டாம் பாகம் எடுப்பது முதல் பாகம் ஓடியதால். இங்கே முதல் பாகம் ஓடவில்லை என்பதால் எடுக்கிறார்கள்.

கரிசக்காட்டு ஊர்களுக்குள் போய்ப் பாருங்கள். சுடுகாடு மட்டும் வஞ்சகமில்லாமல் வேலை செய்கிறது. நூலகக் கட்டடங்களில் பலவற்றின் கதவில் துருப்பிடித்த பூட்டு. சிலவற்றுக்குள் உடைந்த நாற்காலியும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும். அங்கே படிக்கக் கிடைக்கிற ஒரே எழுத்து சுவரில் பதித்த திறப்புவிழாக் கல்வெட்டு. முதலமைச்சர், அமைச்சர், எம்.எல்.ஏ., ஒன்றியத் தலைவர், ஊராட்சித் தலைவர், ஒப்பந்தக்காரர் என்று வரிசையாகப் பெயர்கள். பாண்டியன் காலத்துக் கல்வெட்டாவது தானம் கொடுத்தவன் பெயரோடு கொடுத்த நிலத்தையும் சொல்லும். இது பெயரை மட்டும் சொல்லும்.

சரி, பூட்டைத் திறந்தே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நாலு அலமாரி போடுவோம்: இலக்கிய வரலாறு, ராஜாக்கள் வரலாறு, சமயம், கால்பந்து. நாலுக்கும் இந்த மண்ணில் சரக்கு உண்டா? தாராளமாக உண்டு. பிறகு ஏன் நாலிலும் அந்தச் சரக்கைக் காணோம்? அதைத்தான் கேட்கப்போகிறேன். கொஞ்சம் காரமாகப் போனால், விளாத்திகுளம் வத்தல் தின்று வளர்ந்த வாய் என்று பொறுத்துக்கொள்ளவும்.

இலக்கிய வரலாறு அலமாரியிலிருந்து ஆரம்பிப்போம். கோவில்பட்டியை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் சாகித்ய அகாதமி விருதுக்காரர்கள் நாலு பேர் அதற்குள் வந்துவிடுவார்கள். கு. அழகிரிசாமி 1970, கி. ராஜநாராயணன் 1991, பூமணி 2014, சோ. தர்மன் 2019. முதல் இருவரும் இடைசெவல் என்ற ஒரே சிற்றூர்க்காரர்கள். கிழக்கே கொஞ்சம் தள்ளினால் எட்டயபுரம், பாரதி பிறந்த இடம். இவ்வளவு விளைச்சலைக் கண்ட பிறகும், இந்த வட்டத்துக்குள் வளர்கிற ஒரு பிள்ளைக்குக் கி.ரா. எப்படி அறிமுகமாகிறார் தெரியுமா? குரூப் 4 பொதுத்தமிழ்க் கேள்வியாக. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண்; அதில் தமிழுக்கு 100 கேள்வி. கணக்குப் போட்டால் கி.ரா. நாவலின் கோபல்லபுரத்து மக்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒன்றரை மார்க்.

வேலைக்காக விடியவிடியப் படிக்கிற பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளை அந்த ஒன்றரை மார்க்கை நம்பித்தான் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது. எழுத்தாளனைப் 'பிறந்த ஊர், பெற்ற விருது, எழுதிய நூல்' என்று மூன்று கட்டத்தில் அடைத்து, அந்த மூன்றாவது கட்டத்தில் இருக்கும் புத்தகத்தைக் கையில் தராமலே பரீட்சை வைக்கிறார்களே, அந்தப் புண்ணியவான்களைத்தான் சொல்கிறேன். 2021 மே மாதம் கி.ரா. இறந்தபோது அரசு மரியாதை கொடுத்தார்கள். நல்ல காரியம். கோவில்பட்டியில் நினைவரங்கமும் கட்டினார்கள். அதுவும் நல்ல காரியம். எழுத்தாளர்மேல் நம் அரசுகளுக்கு உள்ள பிரியம் அவர் மூச்சை நிறுத்திய மறுநிமிடம் பீறிட்டுக்கொண்டு வரும்.

நாகலாபுரத்துக்கே வருவோம். தமிழின் முதல் பேசும்படம் 1931இல் வந்த காளிதாஸ். அதற்குப் பாட்டு எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் நாகலாபுரத்தில் வாழ்ந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் அவர் பாட்டுகளை மேடையில் பாடிய விசுவநாததாஸ் போன்ற நடிகர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ஜெயிலுக்கு அனுப்புகிற அளவுக்கு ஒரு பாட்டு வேலை செய்தது என்றால் அது இலக்கியம் இல்லாமல் வேறென்ன? பாடத்துக்காக எழுதப்பட்ட இலக்கிய வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். நாடகப் பாட்டுக்காரருக்கு அங்கே திண்ணையில்கூட இடம் கிடையாது. அவர் 1952இல் கண்ணை மூடினார். அவருடைய நாட்குறிப்புகள் அச்சுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதையும் பேரன் முருகபூபதிதான் தூக்கிச் சுமந்தார். ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேறு முக்கியமான ஜோலிகள் இருந்தன.

அடுத்த அலமாரி ராஜாக்களுடையது. இது காலி இல்லை, பிதுங்கி வழிகிறது. ஆனால் முதலில் ஒரு பழைய கதை.

1879இல் எட்டயபுரம் ஜமீனின் குலவரலாறு அச்சில் வந்தது. பெயர் வம்சமணி தீபிகை. எழுதியவர் கவிகேசரி சாமி தீட்சிதர். நாற்பது வருஷம் கழித்து, 1919 ஆகஸ்டில், கடையத்தில் கஷ்டஜீவனத்தில் இருந்த பாரதி எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தப் புத்தகத்தின் தமிழ் சரியில்லை, நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருகிறேன் என்பது சாரம். இதே பாரதி அதற்கு ஆறு வருஷம் முன்னால் ஞானபாநு பத்திரிகையில் சின்னச் சங்கரன் கதையை எழுதி, ஜமீன் தர்பாரையும் அங்கே கூழைக்கும்பிடு போடும் புலவர் கூட்டத்தையும் கிழித்துத் தோரணம் கட்டியவர். அப்படிப்பட்டவரையே வயிறு அந்த வாசலுக்கு அனுப்பியது. அரண்மனை அசைந்து கொடுக்கவில்லை. தன் வம்சக் கதையைத் தமிழின் ஆகப்பெரிய கவி எழுதித் தருகிறேன் என்று சொல்லியும் வேண்டாம் என்றிருந்த வம்சம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

அரண்மனையைத் திட்டுவது சுலபம், அது இப்போது ஆளவில்லை. ஆளுகிற அரசுகள் 1949இலேயே பாரதி பாட்டுகளை நாட்டுடைமை ஆக்கின. அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கின்றன. 2025 மார்ச்சில் அந்த வீட்டின் மாடிக் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஜமீன் பாரதிக்குப் பணம் தரவில்லை என்ற பழியாவது ஒரு கடிதத்தோடு நின்றது.

கட்டபொம்மன் கதைக்கு வாருங்கள். ம.பொ.சி. எழுதினார், ஜெகவீரபாண்டியனார் எழுதினார். நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். அவன் கொள்ளைக்காரன் என்று தமிழ்வாணன் ஒரு புத்தகம் போட்டார். மறுக்கிறவருக்கும் மெச்சுகிறவருக்கும் ஒரே தட்டில் இடம் கொடுத்த காலம் அது. 1959இல் படம் வந்தது. அதற்குப் பிறகு புத்தகம் எதற்கு? சிவாஜி பேசிய வசனமே சரித்திரமாகிவிட்டது. 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடிக்க வந்த வெள்ளைக்காரத் தளபதி பானர்மேனின் படை, கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையைப் பிடித்துத் தூக்கில் போட்டது இதே நாகலாபுரத்தில். தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள். ராஜா தூக்கில் தொங்கிய கயத்தாற்றுக்கு ஊரே தெரியும்படி ஒரு சிலை. மந்திரி தொங்கிய ஊரில் எத்தனை பேருக்கு அந்தச் சேதி தெரியும்? சாகும்போதும் அந்தஸ்து பார்த்துத்தான் சாக வேண்டியிருக்கிறது.

அந்தஸ்து பார்ப்பதோடு நின்றால் தேவலை. பாஞ்சாலங்குறிச்சிப் படையில் நாயக்கர், பிள்ளை, மறவர், பள்ளர் எல்லாரும் இருந்தார்கள். ஒரே குண்டுக்கு மார்பைக் காட்டினார்கள். இருநூறு வருஷம் போனது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, அந்தப் படையில் நின்ற பள்ளரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கல் பறந்தது, பஸ் எரிந்தது, தென்மாவட்டங்களில் உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. வெள்ளைக்காரனை எதிர்த்து ஒரே கோட்டைக்குள் நின்று செத்தவர்களின் வாரிசுகள் ஒரே பஸ்ஸுக்குள் உட்காரக்கூட லாயக்கில்லை என்று அரசே சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆயிற்று.

இந்தப் புண்ணுக்கு மருந்தாக வரவேண்டியது வரலாற்றுப் புத்தகம். வந்தது என்ன? ஆண்ட பரம்பரைப் புத்தகம். எந்தப் புத்தகத் திருவிழாவுக்கும் போங்கள். ராஜராஜன் எங்கள் சாதி என்று ஒன்று. இல்லை எங்கள் சாதி என்று பக்கத்திலேயே இன்னொன்று. அட்டையில் வாளும் குதிரையும், பின்னட்டையில் சங்கத் தலைவர் படம். சோழனுக்கு இத்தனை சாதிச் சான்றிதழ் இருப்பது தெரிந்தால் தாசில்தார் மயக்கம் போட்டு விழுவார். எல்லாச் சாதியும் ஆண்டது என்றால், ஆளப்பட்டவன் யார் அண்ணாச்சி? கண்மாய்க்கு மண் சுமந்தவன், மடையைத் திறந்து மூடிய மடைக்குடும்பன், ராஜாவின் குதிரைக்குப் புல் அறுத்தவள், இவர்களுக்கெல்லாம் வாரிசே இல்லாமல் போயிற்றா?

அவர்களுக்கும் புத்தகம் உண்டு. சோ. தர்மனின் சூல் கண்மாயின் கதை. அதைக் காத்த சனங்களின் கதை. 1895இல் கழுகுமலையில், தேர் ஓடும் வீதியில் யார் போகலாம் என்று ஜமீனுக்கும் நாடார்களுக்கும் மூண்ட வழக்கு ரத்தத்தில் முடிந்தது; பூமணியின் அஞ்ஞாடி அந்த ரத்தத்தைத் தொட்டு எழுதிய நாவல். இந்தப் புத்தகங்களில் ராஜாக்கள் ஓரமாக வந்துபோவார்கள், சனங்கள்தான் நடுவீட்டில் இருப்பார்கள். சாதிச் சங்கம் இவற்றை வாங்கி இலவசமாக விநியோகித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிளெக்ஸில் போடத் தோதான குதிரை அட்டையில் இல்லை என்பதுதான் குறையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, சமயம். இந்த மண்ணின் அளவுக்குச் சமயப் புத்தகம் வைக்க ஒரு அலமாரி பற்றாது. கழுகுமலைப் பாறையில் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. கீழே வெட்டியிருக்கும் பெயர்களில் குரத்தியர், அதாவது சமணப் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. பெண் வாத்தியார் இந்த மலைக்கு வந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதே மலையில் பாதியில் நின்ற வெட்டுவான் கோவில். எட்டயபுரத்தில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமாகியிருக்கிறார். அதே ஊரில் 1835இல் முத்துசாமி தீட்சிதர் காலமானார். கோவில்பட்டி பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் ஊழியம் செய்தார். தேம்பாவணி பாடிய அந்தக் கைதான் பரமார்த்த குருவையும் அவர் சீடர்களையும் வைத்துச் சிரிக்கச் சிரிக்க எழுதியது. குருமார்களையே கேலி பண்ண அன்றைக்கு ஒரு பாதிரியாருக்குத் துணிச்சல் இருந்தது. இன்றைக்கு எழுதியிருந்தால் அத்தனை மதத்தாரும் ஒற்றுமையாகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருப்பார்கள். மத நல்லிணக்கம் நம்மிடம் அந்த ஓர் இடத்தில்தான் மிச்சம்.

ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள் சமணமும் சைவமும் இஸ்லாமும் கிறிஸ்தவமும் தமிழில் எழுதியும் செதுக்கியும் பாடியும் வைத்த ஊர்கள் இவை. மயிலை சீனி. வேங்கடசாமி கிறித்தவமும் தமிழும், பௌத்தமும் தமிழும், சமணமும் தமிழும் என்று வரிசையாகப் புத்தகம் எழுதி வழி போட்டுக் கொடுத்தார். அந்த வழியில் நடக்க ஆளில்லை. சமய அலமாரி என்ற பெயரில் இப்போது நிற்பவை சனிப்பெயர்ச்சிப் பலனும், கடன் தீர இருபத்தேழு பரிகாரமும், வாஸ்துப்படி கக்கூஸ் கட்டுவது எப்படியும்தான். மீதி சமய அறிவு செல்போனில் வருகிறது. பக்கத்துத் தெருக்காரன் சாமியைப் பற்றி எவனோ எழுதிய பொய்யை, குளிக்காமல் கொள்ளாமல் காலையில் நாற்பது பேருக்கு அனுப்பிவைப்பதுதான் இன்றைய பாராயணம். சமயம் தெரியாதவனுக்குத்தான் சமயத்தின் பேரில் கோபம் சீக்கிரம் வரும். அந்தக் கோபத்தை வாக்காக அறுவடை செய்ய ஆட்கள் கதிரரிவாளோடு காத்திருக்கிறார்கள்.

கடைசி அலமாரி கால்பந்து. சிரிக்க வேண்டாம். கோவில்பட்டி ஹாக்கி ஊர், எனக்கும் தெரியும். ஆனால் மெஸ்ஸி பெயர் போட்ட பனியனுக்கு எந்த ஊர் எல்லை? அந்தப் பனியனைப் போட்ட தம்பிக்குச் சைமன் சுந்தரராஜ் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் இருந்த தமிழ்நாட்டுக்காரர் இவர். அங்கே பெரு அணிக்கு எதிராகப் போட்ட ஒற்றைக் கோல்தான் ஆண்கள் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோல். அதற்குப் பிறகு அங்கே போகவே நமக்கு யோகமில்லை. 1956 மெல்போர்னில் நாலாவது இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் என்று ஒரு காலம் நமக்கும் இருந்தது. இதையெல்லாம் ஒரு பையன் தெரிந்துகொள்ள நம் நூலகத்தில் புத்தகம் எங்கே? விளையாட்டுப் பகுதியில் அதிகம் போனால் ஒரு விதிமுறைக் கையேடு கிடைக்கும். சர்வதேச ஆட்டத்துக்கு மைதானம் 100 முதல் 110 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். அளவு புத்தகத்தில் இருக்கிறது, மைதானத்தைத்தான் வேலிக்கருவை தின்றுவிட்டது. அண்ணா மறுமலர்ச்சியில் வந்த மைதானங்கள் பலவற்றில் இப்போது ஆடு மேய்கிறது. ஆட்டுக்காவது ஒரு திட்டம் பயன்பட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

உருகுவேக்காரர் எடுவர்டோ கலியானோ தன் கண்டத்தைக் கொள்ளையடித்த கதையையும் எழுதினார், 1995இல் கால்பந்தின் கதையையும் எழுதினார். அவருக்கு இரண்டும் ஒரே சனங்களின் கதை. நமக்கு விளையாட்டு என்பது பி.டி. பீரியடு. அதையும் பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார்.

நாலு அலமாரியையும் நிரப்ப வேண்டிய அரசு எப்படிப் புத்தகம் வாங்கியது என்று பதிப்பாளர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். பதினாறு பக்கம் ஒரு பாரம். பாரத்துக்கு இத்தனை ரூபாய் என்று விலை. ஆயுசைக் கொடுத்து ஆராய்ந்து எழுதினாலும், ஒரு ராத்திரியில் வெட்டி ஒட்டினாலும் பாரம் பாரம்தான். பருத்தி கமிஷன் கடையில்கூடத் தராசில் ஏற்றுமுன் ஒரு கைப்பிடி அள்ளிப் பிரித்து, கறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நூலக ஆணைக்கென்றே அச்சாகி, வாசகன் கண்ணிலேயே படாமல் அலமாரிக்குப் போய், கரையானுக்கு இரையான புத்தகங்கள் எத்தனை! சில வருஷங்களில் அந்த ஆணையும் வராது. அண்மையில் இணையவழியில் விண்ணப்பம், வெளிப்படையான தேர்வு என்கிறார்கள். நடந்தால் சந்தோஷம். ஆனால் இணையத்தில் தேர்வான புத்தகம் பூட்டிய கதவுக்குள் எந்த வழியாகப் போகும் என்று யாராவது விளக்கினால் நல்லது.

பெரிய நூலகங்கள் இல்லாமலில்லை. கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். மறுவருஷமே அதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அடுத்த அரசு அறிவித்தது. உயர்நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டும் அருமையானவை. ஆனால் நாகலாபுரத்துப் பிள்ளை ஒரு நாவல் படிக்க மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும் என்றால், ரசீதில் அந்தப் பத்து ரூபாயை எதற்கு எழுதுகிறீர்கள்?

தவறு கோட்டையில் இருப்பவர்களுடையது மட்டுமல்ல. குடிநீர் வராவிட்டால் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்காருகிறோம். ரேஷனில் பருப்பு குறைந்தால் சண்டைக்குப் போகிறோம். நூலகம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடப்பதற்காக இதுவரை எந்த ஊரில் பஸ் மறியல் நடந்தது? வருஷத்துக்கு ஆறு கிராமசபை கூடுகிறது. அங்கே எழுந்து, நூலக வரியாக எவ்வளவு வசூலானது, ஆணைக்குழுவுக்கு எவ்வளவு போனது, அங்கிருந்து எத்தனை புத்தகம் வந்தது, கதவு என்றைக்குத் திறக்கும் என்று நாலு கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். பாஸ்கரதாஸ் நாட்குறிப்பில் ஒரு படியும், சூல் ஒன்றும், மயிலையார் புத்தகங்களும் இத்தனையாம் தேதிக்குள் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொல்லாப்பு வரும். வரட்டும், அதற்காகக் கயத்தாற்றுப் புளியமரத்தில் யாரும் தொங்கவிடப் போவதில்லை.

அதைக் கேட்கவும் நமக்குத் துப்பில்லை என்றால், பேசாமல் ஆண்ட பரம்பரைப் புத்தகத்தையே எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். ஆண்ட கதையில் நாம் சொக்கிக் கிடக்கிறவரை, இப்போது ஆளுகிறவர்களுக்கு நம்மால் ஒரு தொந்தரவும் இல்லை.